தெருமுனையில் ரெண்டு ஹாரன்

டாக்ஸி ஓட்டுகிறவள், தூங்கும் கணவனின் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் சீட்டைச் செருகிவிட்டுக் கிளம்பினாள்.

"ஏங்க, நீங்க ஒளிச்ச வண்டிச்சாவி மாவு டப்பாவுல கிடைச்சிடுச்சு. எனக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து அடுப்படிப் பக்கமே வரமாட்டேன்னு நெனச்சீங்களா? ராத்திரி நீங்க கத்தினதை மனசுல வச்சுக்கல. இதயம் தேறிடுச்சு, நான் இப்படிப் பயந்துகிட்டே இருந்தாத்தான் ரத்தக்குழாய்ல இருக்கிற அழற்சி ஆறாதுன்னு டாக்டர் சொன்னாரே, வண்டி ஓட்டலாம்னும் சொன்னாரே! நேத்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் பார்த்தேன். கை நடுங்கவே இல்ல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

அடியில் இடுக்கி எழுதியிருந்தாள்:

"அன்னிக்கு நான் ஹாரன் மேலேயே சரிஞ்சு விழுந்த தெருமுனையில, சாயங்காலம் வரும்போது ரெண்டு தடவை ஹாரன் அடிப்பேன். அன்னிக்கு மாதிரி செருப்பில்லாம ஓடி வராதீங்க. ஜன்னல்ல நின்னு என் வண்டி வர்ற அழகைப் பாருங்க."