கியோத்தோவில் கந்தசட்டி

அன்புள்ள மச்சாள்,

மூன்று நாளாக அடித்த தென்காற்று இன்று காலை ஓய்ந்தது. பலேர்மோத் துறைமுகப் பக்கம் நடந்தபோது, கரையில் ஒதுங்கிய கடற்பாசி வெயிலில் காய்ந்து மணத்தது. நேப்பிள்ஸ் கப்பலில் வந்திறங்கிய சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. நான் மரக்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கியோத்தோவில் உங்களுக்கு முன்னால் வைத்த சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது வந்த மணம் அது.

உங்கள் மகள் வாணி அங்கே படிக்கப் போன வருடம், நாம் இருவரும் அவளைப் பார்க்கப் போனோம். கந்தசட்டி விரத நாட்களில் பயணம் வேண்டாம் என்று நான் தயங்கினேன். "முருகன் பலேர்மோவுக்கு வந்தவர், கியோத்தோவுக்கு வரமாட்டாரோ?" என்று என் வாயை அடைத்தீர்கள். மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. செம்மஞ்சள் வாசல்கள் வரிசையாக ஏறும் மலையில் மூச்சு வாங்க ஏறினோம். கடைக் கண்ணாடிக்குள் மெழுகில் செய்து வைத்திருந்த சாப்பாட்டைப் பார்த்து, "இவ்வளவு வடிவாய் அடுக்கி இருக்கினம், ஒரு கறிவேப்பிலை இல்லை" என்றீர்கள். வாணி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஒரு மலையடிவார நூடில்ஸ் கடையில், மரக்கறி போட்டதாகக் கேட்டு வாங்கினோம். விரதத்தில் உங்களுக்கு ஒருநேரச் சாப்பாடு. கிண்ணம் மேசைக்கு வரும்போதே இன்சுலினைப் போட்டுக்கொண்டீர்கள். வாணிக்கு ஏதோ சந்தேகம். சமையற்காரரிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"மம்மா, மேலைதான் மரக்கறி. தண்ணி கருவாட்டிலை அவிச்சது."

நீங்கள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள்.

தெருவில் கொஞ்சத் தூரம் போனதும், இன்சுலின் போட்ட வெறும் வயிற்றில் சீனி இறங்கி, உங்கள் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை. வாணி ஓடிப்போய் மெஷினில் ஜூஸ் எடுத்துக் குடிக்க வைத்தாள். நடுக்கம் அடங்கியது. "இது கொஞ்ச நேரந்தான் தாங்கும், மாமி. சோறு வேணும்" என்று என் காதில் சொன்னாள். அவள் எந்தக் கடையைக் காட்டினாலும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஒருதரம் ஏமாந்தபின் உங்களை நம்ப வைக்க முடியாது.

கடைசியில் அவள் ஒரு மதிலைக் காட்டினாள். அது புத்த விகாரை. உள்ளே சாப்பாட்டு மண்டபம் இருந்தது. மீன், முட்டை, வெங்காயம்கூடச் சேர்க்காத சமையல். "ரெஸ்தொராந்தே, சாப்பாட்டுக்கடை எண்டு மட்டும் சொல்லுங்கோ மாமி. வாசல் பலகை மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது."

ஊரில் உங்கள் மூத்த மகனை ஆமி பிடித்துக்கொண்டு போய் வைத்த முகாமின் வாசலில் ஒரு புத்தர் சிலை இருந்ததும், அதன் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நீங்கள் காத்து நின்றதும், ஒவ்வொரு முறையும் 'இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் படத்தில் கண்டாலே டிவியை நிறுத்துவீர்கள். ஆனால் விரத நாளில், அதுவும் உங்களிடம், பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"மச்சாள், உள்ளை புத்தர் இருக்கிறார். சாப்பாடு சுத்த சைவம்."

நீங்கள் வாசலைப் பார்த்தபடியே நின்றீர்கள். உங்கள் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. வாணி அழத் தொடங்கிவிட்டாள். நான் மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டேன்.

"வாசல்லை காவல் நிக்கினமோ?"

"இல்லை, மச்சாள்."

"உள்ளை போனா வெளியிலை வர விடுவினமோ?"

"ஓம். நான் உங்களோடைதானே வாறன்."

என் கையைப் பிடித்தீர்கள். எலும்பு நோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தீர்கள்.

மண்டபத்தில் சிலைக்கு முதுகு காட்டும் இடத்தில் வாணி உங்களை இருத்தப் பார்த்தாள். "வேண்டாம். நான் அவரைப் பாத்துக்கொண்டுதான் சாப்பிடுவன்" என்று எதிர்ப்பக்கம் போய் இருந்தீர்கள். சோறு, எள்ளில் செய்த வெள்ளைக் கட்டி, கடற்பாசி அவித்த சூப்பு. ஒவ்வொரு வாய்க்கும் தலை நிமிர்த்திப் பார்த்தீர்கள். உங்கள் கன்னத்தில் நிறம் திரும்பும்வரை நான் ஒரு பருக்கையும் தொடவில்லை.

பரிமாறிய அம்மா, சாப்பாடு பிடித்ததா என்று வாணியிடம் கேட்டார்.

"நல்லாயிருக்கெண்டு சொல்லு. அண்ணாவைப் பற்றியும் சொல்லு" என்றீர்கள்.

"மம்மா, இஞ்சை ஏன்..."

"இஞ்சைதான்."

அவள் ஜப்பான் பாஷையில் தட்டித் தடவிச் சொன்னாள். அந்த அம்மா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். நெற்றி பாயில் படக் குனிந்து, நெடுநேரம் எழவில்லை. நீங்கள் பதிலுக்குக் கும்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது சொன்னீர்கள்: "நான் மறந்திட்டன் எண்டு நினையாதை. பசிச்சது, சாப்பிட்டன்."

உங்கள் செத்தவீட்டன்று எங்கள் அடுப்பு எரியவில்லை. கீழ்வீட்டுச் சிங்களப் பெண் சோறும் பருப்பும் கொண்டுவந்தாள். வாங்குவேனா என்று எங்கள் சனம் என் முகத்தைப் பார்த்தது. வாங்கினேன். போன கிழமை அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சோறு போடும்போது, உங்களுக்குப் பிள்ளையென்று வாணி ஒருத்திதானா என்று இத்தாலியனில் கேட்டாள். முன்பென்றால் ஓம் என்று சொல்லிக் கதையை மாற்றியிருப்பேன். இம்முறை மூத்தவனைச் சொன்னேன். முகாம் வாசலைச் சொன்னேன், அங்கே இருந்த சிலையையும் சொன்னேன். அவள் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் எழுந்து போகவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை நீட்டியபடி, அவள் மிச்சச் சோற்றைப் போடும்வரை அங்கேயே இருந்தேன்.