ரோஜாவுக்கு வைத்திருந்த டீத்தூள்

கோமதி அப்பாவுக்கு,

நாலு மணிக்கு கோமதி ஆபீஸ் சசிதரன் அவளைப் பெண் கேட்டு வருகிறார். காபி குடிக்க மாட்டாராம், டீதானாம். நம் வீட்டில் டீத்தண்ணீர் கண்ணாடி துடைக்கவும் சக்கை ரோஜாச் செடிக்கும்தானே! நீல டப்பாவில் புதுத் தூள், பச்சை டப்பாவில் காயவைத்த சக்கை. இல்லை, மாற்றி வைத்துவிட்டேனோ? டீ போட்டு முதலில் நீங்கள் குடித்துப் பாருங்கள்.

நேற்று நீங்கள், "டீ குடிக்கறவனுக்கு நம்மாத்துல என்ன வேலை?" என்று கத்தினீர்கள். "நம்மாத்துக் கண்ணாடியே குடிக்கறதே, அப்பா!" என்றாள் அவள். யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன்.

விஜயம்

பி.கு.: இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றா, நின்றுபோக வேண்டும் என்றா, எப்படி வேண்டிக்கொண்டு உடைப்பது? குழப்பமாக இருக்கிறது.

நான் வருவதற்குள் அந்தப் பையனை அனுப்பிவிடாதீர்கள்.