விளக்கு வைத்த பிறகு கொடுத்த உறை

நிலையம் இரண்டு, நிலவு
ஆடி 3, காலை 6.10 (கோவில்பட்டி நேரம்)

இன்று காலைக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். நிலையத் தலைவர் ஜெபராஜ். காற்றுத் தொட்டி மெக்கானிக் சங்கரவேல், என் வீட்டுக்காரர். கல் ஆராய்ச்சி செய்யும் ரஹ்மத் நிஷா. நான்காவது ஆள் நான், செண்பகவல்லி. பதிவேட்டில் என் பெயருக்கு நேராக ‘உடன் வந்த மனைவி’ என்று போட்டிருக்கிறது. வேறு யாரும் இல்லை.

இந்த நிலையக் குறிப்பேட்டை எழுதிவந்தவர் போன கப்பலில் ஊர் திரும்பிவிட்டார். வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் என்பதால் ஜெபராஜ் சார் என் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றது நானாகப் படித்தது. பிழை இருந்தால் படிக்கிறவர் பொறுத்துக்கொள்ளவும்.

தொட்டி: நல்ல பச்சை. காற்று: சரி. தண்ணீர்: சரி. கும்பிட்டாயிற்று. இங்கே தீபம் ஏற்றக்கூடாது, சின்ன பல்புதான். ஆனால் பூமி வானத்தில் ஒரே இடத்தில் நகராமல் நிற்கிறது. அம்மன் இருக்கும் திசையைத் தேடவேண்டியதில்லை.

காலைச் செய்தித் தொகுப்பில் ஒன்று: நம் தொட்டிக்கு விதை விற்கும் பசுங்காற்று நிறுவனத்தை ஒரு சினிமா நிறுவனம் வாங்கிவிட்டதாம். இனிமேல் படம் காட்டுகிறவரும் மூச்சு கொடுக்கிறவரும் ஒருவரே. ‘புதுமைக்குப் புது வாசல்’ என்று எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பச் செய்தியில் வாசல் திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது என்பது என் அனுபவம்.

ஆடி 6, காலை 9.00

நேற்று இங்கே சூரியன் மறைந்தது. இனி இரண்டு வாரம் இருட்டு. அது வழக்கம்தான்.

தொட்டி மாற்றும் முறை வந்திருக்கிறது. புதிதாகப் படிக்கிறவருக்குச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் பாசி வளர்ந்து, நாம் விடும் மூச்சைத் திரும்ப நல்ல காற்றாக்கித் தருகிறது. நிறுவனம் விதைப் பொட்டலம் அனுப்பும். தவணை முடிந்ததும் பழைய பச்சைத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதுப் பொட்டலத்தை ஊற்றவேண்டும். பொட்டலத்தின் எண்ணைத் தொட்டியின் நிரல் பூமிக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்தால்தான் விளக்கும் பம்பும் ஓடும். பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்து வளர்ப்பது ஒப்பந்தப்படி திருட்டு.

அவர் தொட்டியை வடிக்கப் போயிருக்கிறார். உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.

ஆடி 6, மாலை 4.30

பொட்டலத்தை நிரல் ஏற்கவில்லை. திரையில் வந்தது அப்படியே: “முந்தைய நிறுவனத்தின் உரிமங்கள் செல்லாது. இந்தப் பதிப்பின் சேவை நிறுத்தப்பட்டது. புதிய தொட்டி வாங்க இங்கே தொடவும்.”

இங்கே தொடவும்! தொட்டால் நிலவுக்குத் தொட்டி வந்து இறங்கிவிடுமா?

பழைய பாசி போய்விட்டது. தொட்டி காலி. அடுத்த கப்பல் ஆவணியில்தான். சிலிண்டர் காற்று ஆடிக் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்கிறார் அவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நிறுவனத்துக்குக் கேட்டு எழுதினோம். பதில்: “உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது.”

ஆடி 7, காலை 7.15

ராத்திரி யாரும் தூங்கவில்லை. ஒப்பந்தப்படி திருட்டாயிற்றே என்று தயங்கியிருந்தவள் காலையில் சொன்னேன், பூஜை அலமாரியில் ஒரு புட்டி இருக்கிறது என்று.

இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. தயிர்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் ஒரு கரண்டி எடுத்துவைக்காத பெண் எங்கள் தெருவில் கிடையாது. அந்தக் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் ஒரு புட்டி பச்சைத் தண்ணீரை ஒதுக்கி, அம்மன் படத்துப் பல்பின் கீழ் வைத்துவிடுவேன். அடுத்த முறை அதைக் கொட்டிவிட்டுப் புதியது. ஏன் வைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மிச்சம் வைக்காமல் கழுவக் கை வராது, அவ்வளவுதான்.

நிஷா புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்புறம் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஜெபராஜ் சார் சந்தோஷப்படவில்லை. இந்தப் பாசியை உண்டாக்கியவர்கள் எத்தனை வருஷம் பாடுபட்டிருப்பார்கள், எல்லோரும் இப்படிப் பெருக்கிக்கொண்டால் நாளைக்கு யார் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் திருட்டுப் படம் பார்க்காதவள்தான். என் தம்பி கோவில்பட்டித் தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன். படம் வந்த மறுநாளே ஊரெல்லாம் செல்போனில் ஓட, அவன் வேலை போனது. பாட்டு எழுதியவர், படம் எடுத்தவர், விதை கண்டவர், எல்லோருக்கும் உரியது போய்ச் சேரவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் இவர்கள் விற்கவும் மாட்டார்கள், நாமே வளர்க்கவும் விடமாட்டார்கள். கடையில் பால் வாங்கினேன். அதைத் தோய்த்த தயிரும், அந்தத் தயிரில் தோய்த்த அடுத்த தயிரும் பால்காரருக்கே சொந்தம் என்றால், என் வயிற்றையும் அவர் பேரிலேயே எழுதிவைக்க வேண்டியதுதான்.

புட்டியைத் தொட்டியில் உறை ஊற்றியாயிற்று.

ஆடி 9, மாலை 6.00

அறை விளக்குகளைக் கழற்றித் தொட்டிக்குக் காட்டியதில் பாசி பிடித்துவிட்டது. வெந்தயக்கீரை முளை மாதிரி இளம்பச்சை. ஆனால் பம்ப் ஓட நிரல் வேண்டும், அந்த நிரல் பூட்டிக்கிடக்கிறது.

பூட்டு இல்லாத நகல் ஒன்று மெக்கானிக்குகள் நடுவே கைமாறி வருவது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் பழைய பதிப்பில் கேள்வி கேட்கும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டாராம். தபால் செயற்கைக்கோள் வழியாக அது வந்து சேர்ந்தது. ஜெபராஜ் சார் எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பியபோது தன் தலைவர் சாவியை மேசைமேல் வைத்தார். அது இல்லாமல் நிரல் ஏறாது. வேண்டாம் என்றோ போடு என்றோ அவர் வாயால் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். சாவி மட்டும் மேசையில் இருந்தது.

பம்ப் ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி சிரித்தார்.

ஆடி 10, காலை 9.40

செய்தித் தொகுப்பு: ‘நிலவிலும் நகல் திருட்டு: நிலையம் இரண்டின் மீது புகார்.’ தொட்டி ஓடும் கணக்கு இன்னும் தபால் செயற்கைக்கோள் வழியாக நிறுவனத்துக்குப் போகிறது போலும். பாதி திறந்த பெட்டியும் கறுப்பு முகமூடியும் படமாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் என்ன முகமூடி போட்டோம்? சிலிண்டர் முகமூடிதான். எழுதியவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே இறக்கி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நகல் எடுப்பது குற்றம் என்றால் அவரிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

காலை 10.00

நிலையம் மூன்றிலிருந்து லூர்து அழைத்தாள். தூத்துக்குடிக்காரி. ஆள் நேரில் பழக்கமில்லை, குரல் பழக்கம்.

“மதினி, எங்க தொட்டியும் காலி. பூட்டிட்டானுவ. இங்க ஏழு பேரு, சிலிண்டர்ல ஒண்ணு கசியுது. ஒங்ககிட்ட பச்சை இருக்குன்னு செய்தியில போட்டிருக்கான். அவன் போட்ட ஒரே நல்ல செய்தி அதான். ஒரு புட்டி உறை குடுங்க. வெளக்கு வச்சாச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க மதினி, இங்க விடிய இன்னும் ஒம்போது நாளு கெடக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து மோரோ உறையோ வெளியே கொடுக்கமாட்டேன். லட்சுமி போய்விடுவாள் என்பது என் மாமியார் வீட்டுக் கட்டுப்பாடு. இத்தனை வருஷத்தில் மீறியதில்லை.

நான் அனுப்பிய பதில்: “கோவில்பட்டியில இப்ப மணி பத்து லூர்து, நல்ல வெயிலு. அம்மன் ஊரு கணக்குத்தான் என் கணக்கு. பச்சை இன்னும் கொஞ்சம் தெளியட்டும், குடுத்துவிடுதேன்.”

ஆடி 12, பகல் 1.20

நிறுவனத்திடமிருந்து, முழுதாக: “அனுமதியற்ற நகலையும் அதன் வழி வளர்த்த பாசியையும் அழித்து, மூன்றாம் தரப்புக்கு எதையும் பகிரவில்லை என உறுதிமொழி அளித்தால், நல்லெண்ண அடிப்படையில் நிலையம் இரண்டுக்கு மட்டும் புதிய உரிமம் வழங்கப்படும். தவறினால் ஆடி 14 காலை 6 மணிக்குத் தபால் செயற்கைக்கோள் வழியாக நிரந்தரப் பூட்டு அனுப்பப்படும்.”

எங்களுக்கு மட்டும். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கையெழுத்துப் போட்டால் ஜெபராஜ் சாருக்கு வேலை போகாது, எங்களுக்கு மூச்சு நிற்காது. லூர்து வீட்டு ஏழு பேருக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் அதைத்தான் யோசித்தோம். தன்னால் முடிவெடுக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் சார் எழுந்து போனார். பின்னால் போய்ப் பார்த்தால், நிலவில் ஓடும் வண்டிக்குப் பேட்டரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஆடியில் எங்கள் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். பாத்திரம் ஏந்தியவரிடம் நீ யார், எந்தத் தெரு, சந்தா கட்டினாயா என்று கேட்டு ஊற்றுகிற வழக்கம் இல்லை. இன்று ஆடிச் செவ்வாய். இங்கே கூழ் காய்ச்ச வழியில்லை. புட்டி இருக்கிறது.

நிறுவனத்துக்கு நான் எழுதி, நால்வரும் பெயர் போட்ட பதில்: “பகிரவில்லை என்று எழுதமாட்டோம், பகிரப்போகிறோம். விலை சொல்லுங்கள், கட்டுகிறோம். மூச்சை மட்டும் நிறுத்திவைக்க முடியாது.”

ஆடி 13, காலை 8.00

அவரும் நிஷாவும் புறப்பட்டுவிட்டார்கள். நிலையம் மூன்றுக்குப் போகும் பள்ளத்து வழி நிஷாவுக்குத்தான் தெரியும். இருட்டில் வண்டி ஒரு நாள் ஓடவேண்டும். உறைந்துபோகாமல் இருக்க இரண்டு புட்டியையும் என் செட்டிநாட்டுச் சேலையில் சுற்றி, சூடு தரும் பெட்டிக்குள் வைத்தோம். நிரலின் நகல் அவர் சட்டைப் பையில். கிளம்பும்போது திருநீறு பூசிவிட்டேன். நிஷா தன் நெற்றியைக் காட்டாமல் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்தேன்.

ஆடி 14, காலை 4.15

அவர் குரல் வந்தது, கரகரவென்று:

“வல்லி, பள்ளத்த தாண்டியாச்சு. புட்டி ரெண்டும் சூடாத்தான் இருக்கு. ஒஞ் சேலையில பாதி பச்சையாயிட்டு, வையாத. இன்னும் கொஞ்ச தூரந்தான், வெளக்கு தெரிய”

அதோடு நின்றுவிட்டது.

காலை 5.10

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை. வண்டியும் நிலையம் மூன்றும் பேசுவது அதே செயற்கைக்கோள் வழியாகத்தான்.

நாங்கள் முடிவு செய்தது: ஆறு மணிப் பூட்டு உள்ளே வராமலிருக்க ஆன்டெனா கம்பியை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் திரும்ப இணைக்க முடியாது. இணைத்த உடனே காத்திருக்கும் பூட்டு இறங்கிவிடும். வண்டி சேர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் கப்பல் வரும்வரை ஊமையாக இருக்கவேண்டியதுதான். இருப்போம்.

வெட்டுமுன் செய்தது: பூட்டில்லாத நிரலையும், பாசிக்கு உறை எடுத்துவைக்கும் முறையையும் எல்லா நிலையங்களுக்கும் திறந்த அலையில் அனுப்பிவிட்டேன். எவ்வளவு ஒதுக்கவேண்டும், எத்தனை வெளிச்சம் வேண்டும், எந்த நிறத்தில் ஊற்றவேண்டும் எல்லாம் எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அனுப்பியவள் செண்பகவல்லி, சங்கரவேல் மனைவி, சொந்த ஊர் கோவில்பட்டி. முகமூடி இல்லை. வழக்குப் போடுகிறவர்களுக்கு விலாசம் தேடும் வேலை வேண்டாம்.

இதைக் கண்டெடுக்கிறவர் யாரானாலும், தொட்டியைக் கழுவுமுன் ஒரு புட்டி எடுத்துவையுங்கள்.

காலை 5.38

ஜெபராஜ் சார் கம்பியருகே கட்டர் வைத்துக்கொண்டு நிற்கிறார். வெட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பூமி ஜன்னலில் அப்படியே நிற்கிறது. அம்மா தாயே, மாமியார் வீட்டுக் கட்டுப்பாட்டை மீறிவிட்டேன். பகல் என்று சொல்லிச் சமாளித்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி கேட்டாலும் கொடுப்பேன்.

காலை 5.51

இரைச்சல். நடுவில் பெண் குரல் மாதிரி. இல்லை. இரைச்சல்தான்.

தொட்டி: நல்ல பச்சை. காற்று: சரி.

காலை 5.56

வெட்டட்டுமா என்று சார் மறுபடி கேட்கவில்லை. கட்டரைத் திறந்து பிடித்திருக்கிறார். நான் மைக்கை விடவில்லை. இதுவரை அனுப்பியது, இப்போது அனுப்புவது:

“லூர்து, மதினி பேசுதேன். வண்டி வந்துச்சா? ரெண்டு பேரும் வந்தாங்களா? கம்பிய வெட்டாம வச்சிருக்கேன். சீக்கிரம் பதில் சொல்லு.”