மஞ்சள் வைத்த ஸ்டாம்ப் பேப்பர்

என் அருமை அக்கா,

போடவில்லை, கையெழுத்தை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வேறு கதையெல்லாம் இழுத்து உங்களைத் தவிக்க விட்டுவிடுவேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த பொடி வியாபாரத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்யலாம் என்று உங்கள் மகன் செந்தில்தான் ஓடியாடினான். "மயிலாப்பூர்ல நோட்டரி வக்கீல் ஒருத்தங்க இருக்காங்க சித்தி. அவங்க முன்னாடி ஒரு கையெழுத்து, அவ்ளோதான்" என்றான்.

நான் சும்மா போவேனா? முதல் நாளே, அவன் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்த ஸ்டாம்ப் பேப்பரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவினேன். நல்ல காரியமாயிற்றே, கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது.

வக்கீலம்மா தாளைத் தூக்கிப் பார்த்தார்கள். மஞ்சள் ஊறிக் கடைசி வரியைத் தின்றிருந்தது. "இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுக்கினியா?" என்று பக்கத்தில் டைப் அடிப்பவர் சிரித்தார். சீல் வைக்க இடமில்லை, புதுத் தாளில் அடித்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். செந்தில் பல்லைக் கடித்தான். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"மறுபடி அடிக்கிறதுக்குள்ள, அதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்கம்மா" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு சித்தி, நேரமாகுது."

வக்கீலம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையெழுத்துப் போடறவங்க கேட்டா நான் சொல்லணும் தம்பி."

சொன்னார்கள். என் பேரில் இருக்கும் வீட்டைக் கம்பெனி ஆபீஸாக வைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபனை இல்லையாம். அவ்வளவுதான் அக்கா நான். கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள்: செந்தில், அவன் மனைவி.

"உங்களுக்கு எதுக்கு சித்தி அலைச்சல்? இங்கிலீஷ்ல மெயில் வரும், ஓடிபி வரும். நீங்க எப்பவும்போல பொடியப் பாருங்க."

"பொடிய நான் பாக்கணும், கம்பெனிய நீ பாப்பியா? மிளகாய் வறுக்கறப்ப ஒரு நாளாவது அந்த நெடியில நின்னிருக்கியாடா?"

"சண்டைய வெளிய வெச்சுக்கங்க" என்றார்கள் வக்கீலம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இதோட முடிச்சுக்கறேம்மா. ரெண்டு டைரக்டர்ல ஒரு பேரு என் பேரு. இன்னொண்ணு அவன் பேரா, அவன் பொண்டாட்டி பேரான்னு அவங்க வீட்ல பேசிக்கட்டும். அதுவரைக்கும் என் வீடு கிடையாது."

எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாளாக அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மல்லி காய்கிறது, ஆர்டர் போகிறது, காலையில் கோயிலில் கபாலியிடம் போய் நின்று, நான் செய்தது தப்பென்றால் சொல்லு என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

உங்களைத்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? பெற்ற பிள்ளை ஆயிற்றே. நான் என்ன, உங்கள் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

ஆனாலும் சொல்லி வைக்கிறேன் அக்கா. என் பேர் இல்லாத தாளில் என் கை படாது. அவன் வராவிட்டால் அந்த வக்கீலம்மாவிடம் நானே தனியாகப் போவேன், தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர்ப்படியாக வந்து உங்களுக்குத் தங்கச்சியாகிப்போன
பச்சையம்மா

மடிக்கப் போனேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பொடி விற்க முதல் லைசென்ஸ் கேட்டபோது வீட்டைப் பார்க்க ஒரு ஆபீசர் வந்தாரே, "ஓனர் யாரும்மா?" என்று கேட்டாரே. நீங்கள் யோசிக்கவேயில்லை, மிளகாய்க் கையோடு என்னைக் காட்டி "இவதான்" என்றீர்கள். காலேஜ் பையை மாட்டிக்கொண்டு செந்தில் அப்போது வாசலில்தான் நின்றிருந்தான்.