கட்டில்மேல் கிடந்த தொப்பி

என் செல்ல மகளே,

ஊர்த் திருவிழா முடிந்தது. உன் அப்பா முழுசாக இருக்கிறார். நீ முதலில் அதைத்தான் கேட்பாய்.

குதிரைப் போட்டியன்று காலை கதவிடுக்கில் பார்த்தேன். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி, மெதுவாகக் கட்டில்மேல் வைத்தார். பிறகு வெளியே வந்து கத்தினார்: "யாருடி கட்டில்மேல தொப்பிய வெச்சது?"

அப்படித் தொப்பி கிடந்தால் அபசகுனம்; அன்றைக்கு இந்த ஊரில் எவனும் முரட்டுக் குதிரை ஏறமாட்டான். உனக்குத் தெரியாததா?

"நான்தாங்க. மறந்து வெச்சுட்டேன்."

"கெடுத்தியே! இன்னிக்கு நான் எப்படி ஏறுவேன்?"

போட்டியன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காத மனிதர், அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மைதானத்தில் பக்கத்துப் பண்ணை ஹார்லன் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, இத்தன வருஷம் குதிரைக்காரன் பொண்டாட்டியா இருந்துட்டு, இதுகூடவா தெரியாது?"

உன் அப்பா ஆப்பிள் பலகாரத்தை மென்றுகொண்டே, "விடுடா, அவளுக்கு வயசாகுது," என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே பாய்ந்தன. இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

இனி நீயும் பயப்படாமல் திருவிழாவுக்கு வரலாம். அடுத்த வருடமும் நான் மறந்துவிடுவேன்.

ஊரே கேலி செய்யும்,
உன் அம்மா