தூண்டிலுக்குப் பிசைந்த சோறு

ஞாயிறு, இரவு

மீன் பிடிக்க அப்பா என்னையும் அழைத்துப்போனார். குடியிருப்பைச் சுற்றிய கம்பிவேலி கேட்டில் காவலுக்கு நின்ற முனியாண்டி அண்ணன் எங்கள் டின்னைத் திறந்தார். உள்ளே இரைக்குப் பிசைந்த சோறு. வேலிக்கு வெளியே சோறு போனால் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு என்றுதான் போலீஸார் சந்தேகப்படுவார்கள்.

"யாருக்கு மாமா விருந்து?"

"மீனுக்குத்தான்லா, தம்பி."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சோற்றைச் சாக்கடைக் கானில் கொட்டினார். அப்பா வீடு திரும்பித் தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டார்.

"மண்புழு தோண்டித் தரேன்பா," என்றேன்.

"மீன் கிடைக்காட்டியும் போவேன்மா. இப்படிப் பதில் சொல்லிட்டுப் போக மனசில்ல."

ஆற்றங்கரையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் எனக்கும் பிடிக்கும். அடுத்த ஞாயிறு அப்பாவுக்குப் பதில் டின்னை நானே திறந்து காட்டுவேன். கூச்சத்தை விட்டு வாய் திறந்து பேசவும் வேண்டுமே. "புழுதான், அண்ணே." அவ்வளவுதான். சொல்லிவிடலாம்.