கை என்ன செய்துகொண்டிருந்தது

கரமனை, திருவனந்தபுரம்
8.7.2024

அன்புள்ள ஜெயஷீலா அக்காவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நான் இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்கணும். ரெண்டு வருஷமாகக் கடுதாசி போடாதவளுக்கு இப்போ என்ன வந்ததுன்னு நினைப்பீங்க.

தப்பு என் பேரில்தான். பழைய பாட்டுகளில் ஒவ்வொரு சின்னச் சொற்றொடரும் எங்கெங்கே வருதுன்னு ரெண்டு பேருமாக ஏழு வருஷம் நோட்டுப் போட்டோம். பக்திப் பாட்டெல்லாம் எனக்கு. கதைப் பாட்டும் போர்ப் பாட்டும் உங்களுக்கு. எத்தனை தடவை, எந்தப் பக்கம், அது போதும்னேன் நான். யார் சொன்னது, யாரிடம், முன்னால் வரும் சொல் என்ன, கேட்டவர் கை அப்போ என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு கட்டம் வேணும்னு நீங்க பிடிவாதம். "பாட்டிலே கையை எங்கே போய்த் தேடுதது? அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தி நீங்க இப்படி ஆயிட்டீங்க"ன்னு எழுதினது நான்தானே. மன்னிச்சிருங்க.

சித்திரையில் எங்க வீட்டில் அவுங்களுக்குப் பக்கவாதம் வந்தது. சாலைக் கடைத்தெருவில் முப்பத்தாறு வருஷம் இரும்புக் கடையில் நின்று பேசின வாய். இப்போ மிஞ்சினது ரெண்டே சொல்: "இனிப் போதும்." வேறே ஒண்ணும் வரலை. பேச்சுப் பயிற்சிக்கு ஷில்பான்னு ஒரு பெண் வாரம் நாலு நாள் வருது. நான் பழைய பழக்கத்தில் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். பத்து நாளில் அறுபத்து மூணு தடவை.

சுஜித் சொல்லுதான்: "அம்மா, இனி மதி, போதும்னு அப்பாவே சொல்லியாச்சு. எதுக்குப் போட்டு வதைக்கணும்?" கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிற பிள்ளை, அழுகையும் பாதி மலையாளத்தில்தான் வரும். பயிற்சி தொடருமா இல்லையான்னு இருபத்தஞ்சாம் தேதிக்குள் சொல்லணும். இல்லேன்னா அந்த நேரத்தை வேறே நோயாளிக்குக் கொடுத்திருவாங்க. நிறுத்திரலாம்னு நானும் தலையாட்டிட்டேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டு, "அவுங்க கேக்கறதைக் கொடுத்திரு அப்பனே"ன்னு வேண்டிக்கிட்டு வந்தேன். என்னத்தைக் கேட்டுட்டு வந்தேன்னு உங்களுக்குப் புரியும்.

யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது. உங்க முகம்தான் வந்தது.

தங்கை
சரோஜம்

*

நாகர்கோவில்
12.7.2024

சரோஜம்,

கர்த்தர் உன்னையும் பூதலிங்கம் அண்ணனையும் தாங்குவாராக. ரெண்டு வருஷத்துக்கான ஏச்சு தனியாக வரும். இப்போ அதுக்கு நேரமில்லை.

அறுபத்து மூணுன்னு எண்ணத் தெரிஞ்சுதே, யாரிடம்னு பாத்தியா?

உன் கடுதாசி வந்த கையோடு நம்ம நோட்டை எடுத்தேன். "இனிப் போதும்" உன் பாதியில் பதினெட்டு இடம். பதினெட்டும் அடியார் சாமியிடம் சொல்லுதது. இனிப் பிறவி போதும், அலைச்சல் போதும். அவங்க தனக்காகக் கேக்காங்க. என் பாதியில் இருபத்து மூணு. அதில் தனக்காகச் சொல்லுதவங்க ரெண்டே பேர். மத்ததெல்லாம் வேறே. அடிபட்டுக் கிடக்கிறவன் காயம் கழுவுகிற தோழனிடம் சொல்லுதான். தாய், நெல் குத்துகிற மகளிடம். தலைவன், விடிய விடியக் காவல் நின்றவனிடம். அந்தச் சொல்லைக் காதில் வாங்குதவங்க கையைப் பாரு. கழுவுது, உலக்கை பிடிச்சிருக்கு, வேல் தாங்கி நிக்கு.

நீ உன் பாதி நோட்டை வச்சுக்கிட்டு உன் வீட்டுக்காரரைப் படிச்சிருக்கே. உன்னைச் சாமின்னு நினைச்சா அவரு சொல்லுதாரு? கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆச்சு, அப்படி நினைக்க வழியில்லை.

நான் சொல்லுததும் தப்பாக இருக்கலாம். என் பாதியை வச்சு நானும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் ஆறு நாள் கட்டம் போடு. நாலு கட்டமும். கையை விட்டிராதே. அதுவரைக்கும் சுஜித்தை யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்னு சொல்லு.

ஜெபத்தில் உன்னை நினைக்கிற
ஜெயஷீலா

*

கரமனை
19.7.2024

அன்பான அக்காவுக்கு,

கட்டம் போட்டேன். ஆறு நாளில் நாற்பத்திரண்டு.

ஷில்பாவிடம் ஒண்ணுகூட இல்லை. அந்தப் பெண் வந்தால் நான் அடுக்களைக்குப் போயிருவேன், கிட்ட இருந்து பார்த்ததே கிடையாது. இந்தத் தடவை கதவோரம் நோட்டோடு உட்கார்ந்தேன். "அங்கிளே, ஒந்நு கூடி"ங்குது அவள். இவுங்க நெற்றியெல்லாம் வேர்த்து, வாயைக் கோணிக் கோணி, திரும்பவும் முயற்சி பண்ணுதாங்க. அவள் பையை எடுத்தால் இவுங்க சட்டைக் கையைப் பிடிச்சு நிறுத்துதாங்க. போதும்னு நினைக்கிற ஆளா அக்கா அது?

சுஜித்திடம் ரெண்டு, தூக்கி உட்கார வைக்கும்போது. மருமகள் திவ்யலட்சுமியிடம் ஒண்ணு, படுக்கை விரிப்பு மாற்றும்போது. மீதி முப்பத்தொன்பதும் என்னிடம். கை: காலுக்குத் தைலம் தேய்த்தது. கை: தோளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினது. கை: வேட்டி அலசினது. நான் சும்மா பக்கத்தில் இருக்கையில் ஒரு தடவைகூட அந்தச் சொல் வரலை. சொல்லும்போது அவுங்க பார்க்கிறது என் முகத்தை இல்லை, கையைத்தான். வைகாசியிலிருந்து எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டுச் சுவரைத் தொட்டுத்தான் நடக்கேன். யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன்.

சுஜித்திடம் நோட்டைக் கொடுத்தேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிச்ச பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். நாலாவது கட்டத்தை மேலிருந்து கீழே விரல் வச்சு வாசிச்சான். "அப்போ அப்பா, அம்மையைத்தான் மதின்னு..."ன்னான். வெளியே போய் போன் பண்ணி, பயிற்சி தொடரணும்னு சொல்லிட்டு வந்தான்.

நான் பழவங்காடிக்குத் திரும்பவும் போனேன். "பாதி நோட்டைப் படிச்சிட்டு வந்து கேட்டுட்டேன், அந்த வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கிடுதேன்"னு சொல்லி இன்னொரு தேங்காய் உடைச்சேன். அவுங்களைத் திரும்பக் கொடுத்த சாமிக்கும் நன்றி, நான் கேட்டதைக் கொடுக்காமல் பொறுத்ததுக்கும் நன்றி. உங்களுக்கு எந்த நடையில் தேங்காய் உடைக்கன்னு தெரியலை.

கடன்பட்ட
சரோஜம்

*

நாகர்கோவில்
23.7.2024

சரோஜம்,

எனக்குத் தேங்காய் வேண்டாம். எலும்பு டாக்டரைப் பாரு. இடுப்பு விஷயத்தைக் கடுதாசி நடுவில் ஒளிச்சு எழுதினால் நான் பிழை திருத்தினவள், கண்ணில் படாமல் போகுமா? தூக்குகிற வேலை சுஜித்துக்கு.

நாலாவது கட்டம் எதுக்குன்னு நீ எத்தனையோ தடவை கேட்டே. நான் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்ன வார்த்தை எனக்கு நல்ல ஞாபகம். அப்போ நான் என்ன செய்துகொண்டிருந்தேன்னுதான் ஞாபகம் வரலை. அது தெரியாமல், எதுக்குச் சொன்னாருன்னு இன்றைக்கும் தெரியலை. அவ்வளவுதான்.

உன் நோட்டில் முன்சொல் கட்டம் நாற்பத்திரண்டு இடத்திலும் வெறும் கோடு. அதில் ஒண்ணு விழுந்தால் எனக்கு எழுது.

ஜெயஷீலா

*

கரமனை
30.9.2024

அன்பு நிறைந்த அக்காவுக்கு,

உங்க கடுதாசியைப் பூஜை அறையில் வச்சிருக்கேன். அந்தக் கடைசி வார்த்தையை எனக்கு எழுதுங்க. ரெண்டு நோட்டையும் சேர்த்து வச்சுத் தேடிப் பார்ப்போம். உங்க கை என்ன செய்துகொண்டிருந்ததுன்னு பாட்டு சொல்லாது. ஆனால் அந்த நேரத்தில் அப்படிச் சொல்லுதவங்க பக்கத்தில் யார் யார் எப்படி இருந்தாங்கன்னு காட்டும். நீங்க தனியாகத் தேட வேண்டாம்.

இங்கே காலையில் கழக்கூட்டம் புறப்படுவதற்கு முன்னால் சுஜித்தான் அவுங்களைக் குளிப்பாட்டி உட்கார வைக்கான். அவுங்க வாயிலிருந்து ஷில்பா "தண்ணி"யும் "வா"வும் வாங்கிட்டாள். அடுத்தது என்னன்னு கேட்டால், "அது ஆன்டியிடம் சொல்ல மாட்டேன்"னு சிரிக்குது. டாக்டர் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நான் பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தேன், இப்போ பதினொண்ணேகால். அவுங்க கட்டிலில் சாய்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. இடுப்பு இப்போ

நிறுத்திட்டேன் அக்கா. இதை மட்டும் எழுதிட்டு எழுந்திருக்கேன்.

சொல்: இனிப் போதும்.
யார்: அவுங்க.
யாரிடம்: என்னிடம்.
முன்சொல்: சரோஜம்.
கை: உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது.